அடங்கலில் இல்லாதவர்கள்

மாணவன் தனக்குரிய பாடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறான் என்று சர்வகலாசாலைப் பிரசுரங்கள் சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்காகத்தான். 1953-ஆம் ஆண்டில் இன்டர்மீடியட் பரீட்சையில் தேறிச் சென்னைக்கு ரயிலேறிய எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பாக்கியம் அவ்வளவாக வாய்க்கவில்லை. கணிதத்தில் நூற்றுக்கு நூறை நெருங்கியவர்கள் கணித ஆனர்ஸுக்கும், விஞ்ஞானத்தில் கெட்டிக்காரர்கள் வைத்தியக் கல்லூரிக்கும் கிண்டிக்கும், ஆங்கிலம் நாவில் தடங்கலின்றிப் புரண்ட நகரத்துப் பிள்ளைகள் இலக்கிய ஆனர்ஸுக்கும் போன பிறகு, மிஞ்சியவர்களில் ஓரளவு தேறக்கூடியவர்கள் என்று கல்லூரி அதிபர் அபிப்பிராயப்பட்டவர்களுக்குப் பொருளாதாரமும், மற்றவர்களுக்குச் சரித்திரமும் கிடைத்தன. நோட்டீஸ் போர்டில் என் பெயரைப் பொருளாதார ஆனர்ஸ் ஜாபிதாவில் கண்டபோது எனக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருந்தால் அல்லவா இரண்டில் ஒன்று தோன்றும்?

முதல் ஆண்டின் பெரும் பகுதி, பொருளாதாரம் என்றால் என்ன என்னும் கேள்விக்கு விடை எழுதப் பழகுவதிலேயே கழிந்தது. ஆடம் ஸ்மித் 1776-இல் அதைச் செல்வத்தைப் பற்றிய சாஸ்திரமாக வகுத்தார் என்றும், மார்ஷல் 1890-இல் வெளியிட்ட பெருநூலில் செல்வத்தைப் பின்னுக்குத் தள்ளி மனிதனின் அன்றாட வாழ்வை முன்னே நிறுத்தினார் என்றும், ராபின்ஸ் 1932-இல் இரண்டையும் மறுத்து, தேவைகள் பல, சாதனங்கள் சில, அந்தச் சிலவற்றையும் பல வழிகளில் செலவிடலாம் என்ற நிலையில் மனிதன் செய்யும் தேர்வே இச்சாஸ்திரத்தின் விஷயம் என்று நிலைநாட்டினார் என்றும் வரிசையாக எழுதி, முதலிரண்டின் குறைகளைச் சுட்டி, மூன்றாவதைச் சிறிது தயக்கத்தோடு ஏற்றுக்கொண்டு முடிக்கும் மாணவனுக்கு நல்ல மார்க் நிச்சயம். அந்தத் தயக்கத்தை எந்த வாக்கியத்தில் காட்டவேண்டும் என்பதுகூட மேல் வகுப்பு மாணவர்களிடமிருந்து கைமாறி வந்த நோட்ஸில் குறிக்கப்பட்டிருந்தது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, எங்கள் கிராமத்துக் கர்ணமாக இருந்த என் பெரியப்பா, திண்ணையில் கணக்குக் கட்டுகளுக்கு நடுவே அமர்ந்தபடி, "மெட்ராஸிலே உனக்கு என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?" என்று விசாரித்தார். நான் ராபின்ஸை இயன்ற வரையில் தமிழ்ப்படுத்திச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கிற நெல் ஒரு மூட்டை, கேட்கிற வாய் பத்து, அதைத்தானே சொல்கிறாய்? இதை உன் பெரியம்மா அடுப்பங்கரையிலேயே சொல்லிக்கொடுப்பாளே அப்பா, இதற்கா மாசாமாசம் மணியார்டர்?" என்றார்.

கேலியாகச் சொன்னதுதான், ஆனால் அந்தக் கேலிக்குப் பதில் சொல்ல எனக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. ஏனெனில் அவரைப்போல் அந்தக் கிராமத்தின் பொருள் நிலையை அறிந்தவர் வேறொருவர் இல்லை. வெண்ணாற்றுப் பாசனத்தில் எந்தக் கன்னி வாய்க்கால் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை பாயும், எந்த மிராசுதாரின் நிலம் எந்தச் செட்டியாரிடம் அடமானத்தில் இருக்கிறது, எந்தப் பங்காளிச் சண்டையால் எந்த மா நிலம் தரிசாகக் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாகாணியும் அரைக்காலும் காணியும் முந்திரியுமாகத் தமிழ்ப் பின்னங்களைக் கடுதாசி இல்லாமலே பெருக்கி வகுத்துக் கிஸ்தித் தொகையைச் சொல்லிவிடுவார். உலக ஞானத்தில் இப்படிப்பட்ட ஒருவரை விஞ்சாத நான் ஒரு சாஸ்திரத்தைக் கற்கிறேன் என்றால், அந்தச் சாஸ்திரம் என்பது எது? விஷய ஞானம் அவரிடம் இருக்கிறது. பரிபாஷை மட்டும் என்னிடம் இருக்கிறது. பரிபாஷையைக் கற்பதுதான் உயர்கல்வி என்றால் பெரியப்பாவின் மணியார்டர்களுக்கு நியாயமே இல்லை.

பொருளாதாரத்துக்கே அப்படியொரு சங்கடம் இருந்திருக்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. கேம்பிரிட்ஜில் அது நெடுங்காலம் தனிப் பாடமாக இருக்கவில்லை. தத்துவத்தோடும் சரித்திரத்தோடும் ஒட்டுக்குடித்தனம் நடத்திவந்தது. மார்ஷல் பல ஆண்டுகள் போராடி, 1903-இல்தான் அதற்கென்று தனிப் பட்டப் பரீட்சையை ஏற்படுத்தினார். சென்னையில் கதை வேறு. 1915-இன் இறுதியில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக இங்கே வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களின் கல்விக்காக ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்தவர். இங்கிலாந்தில் பொது நிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டதனால் குடியானவர்கள் அடைந்த கதியைப் பற்றி ஒரு நூலும் எழுதியிருந்தவர். இந்தியப் பொருளாதாரத்தைப் போதிக்க வந்தவருக்கு இந்தியாவைத் தெரியாது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும் மாணவர்களின் கையில் ஒரு கேள்விப் படிவத்தைக் கொடுத்து, தங்கள் கிராமத்தைத் தாங்களே விசாரித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அதன் பலனாக 1918-இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூல் வெளிவந்தது. ராமநாதபுரம் ஜில்லாவின் வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தஞ்சையின் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டின் தூசி, தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. ஏறக்குறைய அதே சமயத்தில் புனா பக்கத்தில் பிம்ப்ளா சௌதாகர் என்னும் ஊரை ஹெரால்டு மான் ஆராய்ந்து 1917-இல் வெளியிட்டார். ஆனால் மான் விவசாய விஞ்ஞானி. மாணவர்களையே விசாரணை செய்பவர்களாக்கியது ஸ்லேட்டரின் காரியம். வாத்தியார் அறியாததை மாணவன் கொண்டுவந்து கொடுக்கிற அந்த ஏற்பாட்டைப் போல் துணிச்சலான ஒன்று அதற்குப் பின் நம் சர்வகலாசாலைகளில் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த நூலைச் சேப்பாக்கத்தில் சர்வகலாசாலை நூல்நிலையத்தில் பார்த்தேன். கணித ஆசிரியராயிருந்து நூலகராகி, 1924 முதல் இருபது ஆண்டுக்காலம் அதை உருவாக்கிய எஸ். ஆர். ரங்கநாதன் அப்போது அங்கே இல்லை. ஆனால் அவர் வகுத்த கோலன் பகுப்பு முறைப்படியே புத்தகங்கள் அடுக்கப்பட்டிருந்தன. விவசாயத்துக்கு ஜே, பொருளாதாரத்துக்கு எக்ஸ், சமூகவியலுக்கு ஒய் என்று எழுத்துக்கள். ஒரு கிராமத்தின் நெல்லையும் கடனையும் ஜாதியையும் கல்யாணச் செலவையும் ஒருங்கே பேசுகிற புத்தகம் இந்த மூன்றில் எதற்குள் அடங்கும் என்று அலமாரிகளுக்கு நடுவே நின்று யோசித்ததுண்டு. (நூலகச் சிப்பந்தி ஒருவர் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டு, "என்ன சார், தேடறது கிடைக்கலையா?" என்று அனுதாபத்தோடு கேட்டார்.) பக்கத்திலேயே இன்னொரு நூலும் இருந்தது. ஸ்லேட்டரின் கிராமங்களில் 1937-இல் மறு விசாரணை செய்து, பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் பதிப்பித்து, 1940-இல் சர்வகலாசாலை வெளியிட்டது அது. இரண்டு விசாரணைகளுக்கும் இடையே உலக மகாயுத்தத்தின் இறுதியும், 1929-க்குப் பின் நெல் விலை விழுந்து குடியானவன் கடனில் மூழ்கிய மந்தமும் வந்துபோயிருந்தன. ஒரு புத்தகத்தை இடது கையிலும் மற்றதை வலது கையிலும் வைத்துக்கொண்டு, அதே ஊர், அதே தெரு, ஏறக்குறைய அதே கேள்வி என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்த அந்த மத்தியானத்தில், மூன்று இலக்கணங்களாலும் உண்டாகாத ஒரு ருசி முதன்முதலாக எனக்கு உண்டாயிற்று.

எங்கள் பேராசிரியர், மறு விசாரணை நடந்த காலத்தில் மாணவராக இருந்தவர். ஸ்லேட்டரின் வழக்கத்தை விடாமல், 1954 கோடை விடுமுறைக்கு முன் எங்களுக்கும் ஒரு படிவத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தார். "எல்லா வீட்டுக்கும் போங்கள். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேளுங்கள். உங்களுக்கு விடை தெரிந்த வீட்டிலும் கேளுங்கள்" என்பதற்குமேல் அவர் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. கடைசி வாக்கியத்தின் கனம் அப்போது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

பெரியப்பா படிவத்தை வாங்கிப் படித்துவிட்டு, "வீடு வீடாய் அலைவானேன்? உட்கார், அடங்கலைப் பிரிக்கிறேன், சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்" என்றார். மனப்பூர்வமான உதவிதான். அடங்கல் என்பது கர்ணத்தின் மூலக் கணக்கு. சர்வே எண், விஸ்தீரணம், பட்டாதார் பெயர், பாசனம் எதிலிருந்து, எந்தப் போகத்தில் என்ன பயிர் என்று நிலத்தின் முழு ஜாதகமும் அதில் இருக்கும். நான் படிவத்தை ஒரு பக்கமும் அடங்கலை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். மிராசுதார் தெரு பூர்த்தியாயிற்று. குடியானத் தெருவுக்கு வந்ததும் வேகம் குறைந்தது. ஏனென்றால் குத்தகைக்கு உழுதவர்களின் பெயர்கள் அந்தக் கணக்கில் பெரும்பாலும் ஏறவில்லை, நிலத்துக்குச் சொந்தக்காரர் பெயர்தான் இருந்தது. குத்தகைதாரர்களின் உரிமையைப் பதிவு செய்யத் தனியாக ஒரு சட்டம் 1969-இல்தான் வரவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் அதில் ஆச்சரியம் இல்லை. சேரிக்கு வந்ததும் எழுத்து அறவே நின்றுவிட்டது. ஊரில் பாதிக்குக் கிட்டத்தட்ட வீடுகள் அங்கே. அடங்கலில் ஒரு வரிகூட அவர்களைப் பற்றி இல்லை.

பெரியப்பா அவர்களை அறியாதவர் அல்லர். ஒவ்வொருவரையும் தகப்பன் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர். அவருடைய கணக்கு நிலத்திலிருந்து தொடங்கிற்று; ஆகையால் நிலமில்லாதவன் அதற்குள் வர வழியில்லை. என் கையிலிருந்த படிவமோ வீட்டிலிருந்து தொடங்கிற்று. முதல் கட்டம்: இந்த வீட்டில் எத்தனை பேர்? இரண்டாவது: எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள்? நிலம் எவ்வளவு என்பது அதற்கப்புறம் எங்கோ கீழே வரும் கேள்வி. 'இல்லை' என்று எழுதினாலும் அந்த வீடு கணக்கில் இருக்கும். சர்க்கார் கேட்டது நிலத்தை, செட்டியார் கேட்டது ஈட்டை, கோயில் கேட்டது குத்தகை நெல்லை. பொருளாதாரம் என்ற என் பாடம் கேட்டது குடும்பத்தை. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை இப்படி ஒருவகையாக நிர்ணயித்து, அந்த நிர்ணயத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கச் செய்வதைத்தான் ஒரு பாடம் என்று சொல்லவேண்டும் என்பது என் அபிப்பிராயம். மற்றவையெல்லாம் அதன் பின்னே வந்து சேர்கிற சாமான்கள்.

சேரிக்குப் போவதில் பெரியப்பாவுக்குச் சம்மதம் இல்லை. "பொழுது சாயறதுக்குள்ளே வந்து, வாய்க்கால்ல குளிச்சுட்டு உள்ளே வா" என்று மட்டும் சொன்னார். அந்தக் காலத்தில் எங்களைப்போன்ற வீடுகளில் அது சாதாரணமான பேச்சு. இன்று எழுதுகையில் கை கூசுகிறது.

அங்கே ஒரு வீட்டு வாசலில் ஒரு கிழவி முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கயிற்றுக் கட்டிலில் உட்காரத் தயங்குவதைப் பார்த்துத் தானே எழுந்து நின்றுகொண்டாள். அவள் மகன் ஒரு பெரிய பண்ணையில் பரம்பரைப் பண்ணையாள். 1952-இல் ராஜாஜியின் அரசாங்கம் கொண்டுவந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பல மிராசுதாரர்கள் பண்ணையாட்களை விலக்கிவிட்டுத் தினக்கூலிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இவள் மகனும் அப்படி விலக்கப்பட்டவன். தொழில் என்ற கட்டத்தில் பண்ணையாள் என்று எழுதுவதா, கூலி என்று எழுதுவதா என்று கேட்டேன். "கூப்பிட்டா போறான், கூப்பிடலேன்னா குந்தியிருக்கான் சின்னய்யா. இதுல எதுன்னு நீங்களே எழுதிக்குங்க" என்றாள். கடன் எவ்வளவு என்ற கேள்விக்குச் சற்று நேரம் என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது ஐயா வூட்டு நோட்டுலதான இருக்கு. நாங்க நெல்லாத்தான் வாங்கினோம், பையன் கண்ணாலத்துக்கு. வருசா வருசம் களத்துல கழிச்சுக்கிறாங்க. இன்னும் எம்புட்டுன்னு அவங்களைத்தான் கேக்கணும்" என்றாள். அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கடன் விசாரணையின் அறிக்கை வெளிவந்து, கிராமவாசிகள் வாங்கும் கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவே என்று சொன்னபோது தேசமே திடுக்கிட்டது. எனக்கென்னவோ, தன் கடனின் அளவைத் தெரிந்துகொள்ளக் கடன் கொடுத்தவரையே கேட்கவேண்டிய அந்த நிலைதான் அந்த எண்ணைவிடப் பெரிதாகப் பட்டது. கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதி, பக்கத்தில் அவள் சொன்ன காரணத்தையும் எழுதிக்கொண்டேன்.

தை மாதத்தில் சம்பா அறுவடையின்போது மீண்டும் ஊரில் இருந்தேன். களத்தில் கூலி அளக்கிறார்கள். அளக்கிறவன் மரக்காலை நெல்லில் அமிழ்த்தி எடுத்துக் கையால் தலை வழித்து, "லாபம்" என்று ஒன்றை எண்ணத் தொடங்குகிறான். கூலியாட்கள் முந்தியை ஏந்தி வாங்கிக்கொள்கிறார்கள். பழைய இரும்புப் பட்டை போட்ட அந்த மரக்கால், வியாபாரிக்கு விற்கும்போது எடுக்கிற மரக்காலாக எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் களம் ஓய்ந்த பிறகு பெரியப்பா வீட்டு முத்திரைப் படியைக் கொண்டுபோய் இரண்டையும் அளந்து பார்த்தேன். கூலி மரக்கால் மற்றதைவிட ஏறக்குறைய அரைப்படி குறைவு. மூச்சிரைக்க வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவும் இல்லை. "அது அவர்கள் தாத்தா காலத்து மரக்கால். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே" என்றார்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அளக்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவளுக்குத் தெரியும், கர்ணத்துக்குத் தெரியும். எந்த ஏட்டிலும் இல்லை.

விடுமுறை முடிந்து வகுப்புக் கூடியபோது பேராசிரியர் எங்கள் காகிதக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். கோயம்புத்தூர் ஜில்லாவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அழகான கையெழுத்தில், சிவப்பு மையில் கோடிட்டு, எல்லாக் குடும்பங்களின் வரவையும் செலவையும் அணாப் பைசா பிசகாமல் சமன் செய்து கொண்டுவந்திருந்தார். பேராசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்கான ஊர் உங்கள் ஜில்லாவிலே எங்கே இருக்கிறது? நான் அங்கேயே ரிடையர் ஆகிவிடுகிறேன்" என்றார். வகுப்பு சிரித்து ஓய்ந்த பின், என் கட்டிலிருந்து மரக்கால் சமாசாரத்தைப் படித்துக்காட்டி, "இதை எங்கே எழுதுவது? கூலி அத்தியாயத்திலா, விலை அத்தியாயத்திலா, அடிக்குறிப்பிலா?" என்று பொதுவாகக் கேட்டார்.

அன்று நடந்த வாதத்தைப்போல் ஒன்றை அந்தக் கல்லூரியில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. கூலி என்பது கடைசித் தொழிலாளி உண்டாக்கும் விளைவின் மதிப்புக்குச் சமமாகும் என்று புத்தகம் சொல்கிறது. மரக்கால் சிறியதென்றால் உண்மைக் கூலி அவ்வளவு குறைவு என்றுதான் அர்த்தம், சித்தாந்தத்துக்கு ஒரு பழுதும் இல்லை என்றார் ஒருவர். அப்படியானால் நேரடியாக ஒரு மரக்கால் குறைத்துக் கொடுக்கலாமே, பாத்திரத்தை ஏன் சுருக்கவேண்டும் என்று கேட்டார் இன்னொருவர். மரக்கால் எண்ணிக்கை வழக்கத்தினால் ஏற்பட்டது, அதைத் தொட்டால் களத்தில் சண்டை வரும். பாத்திரத்தின் கொள்ளளவைத் தொட்டால் வராது. ஆகவே வழக்கம் என்பது எண்ணிக்கையை மட்டும்தான் காக்கிறது என்றார் மூன்றாமவர். எண்ணிக்கையும் கொள்ளளவும் தெரிந்த பிறகும் வேலைக்கு வருகிறார்களே, போக வேறிடம் இல்லை என்பதல்லவா மூல காரணம் என்றார் கடைசி பெஞ்சிலிருந்து எப்போதும் பேசாத ஒருவர். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. மரக்காலை நன்றாக அறிந்த எங்கள் ஊரார் எவரும் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த மார்ஷல் எங்கள் ஊர் மரக்காலைக் கண்டதில்லை. இரண்டும் சந்தித்த ஒரு மணி நேரத்துக்குத்தான் பொருளாதாரம் என்று பெயர் என்று பெரியப்பாவுக்கு நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை, எழுதினாலும் மணியார்டரில் ஐந்து ரூபாய் கூடியிராது.

இதைச் சொல்வதால், புத்தகப் படிப்பு வீண், கிராமமே வேதம் என்று வாதிக்கிறவர்களோடு என்னைச் சேர்த்துவிடக் கூடாது. அந்தக் கட்சியில் அப்போதும் பலர் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். ரிக்கார்டோவின் வாரச் சித்தாந்தத்தை நான் முதலில் ஒரு வறட்டுக் கணக்காகவே படித்தேன்: நிலத்தின் தரங்களுக்குள் வித்தியாசம் உண்டு, மட்டமான நிலத்தில் செலவுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது, நல்ல நிலத்தில் மிஞ்சுவதே வாரம். ஊரில் அதே சமயம், விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு உழுதவனுக்குச் சேரவேண்டும் என்ற 1952-ஆம் ஆண்டுச் சட்ட விதியை ஒட்டி ஓயாத வாக்குவாதம். மிராசுதார்கள் தங்கள் சொத்தையே பிடுங்கிவிட்டதாகக் குமுறினார்கள். ரிக்கார்டோவின் கணக்கை வைத்துப் பார்த்தபோது, நல்ல நிலம், மட்டமான நிலம் என்ற பேதமில்லாமல் எங்கள் ஊரில் குத்தகை உயர்ந்திருந்ததையும், மட்டமான நிலத்துக்கும் நெல் அளக்கவேண்டியிருந்ததையும், ஆகையால் அளக்கப்பட்டதில் ஒரு பகுதி நிலத்தின் விளைவல்ல, உழுதவனின் கூலியிலிருந்தே கழிந்தது என்பதையும் என்னால் பிரித்துக் காண முடிந்தது. இங்கிலாந்தில் 1817-இல் அச்சான ஒரு நூல் இல்லாவிட்டால், கண்ணெதிரே குவிந்திருந்த நெல்லில் எது வாரம், எது கூலி என்ற கேள்வியே எழுந்திராது. சித்தாந்தம் இல்லாத விசாரணை, படிக்கட்டு இல்லாத கிணற்றில் இறங்கிய கதைதான். தண்ணீரைத் தொடலாம், மேலே ஏறி வர முடியாது.

1956-இல் நடந்த இறுதிப் பரீட்சையில் இவற்றில் ஒன்றுக்கும் மார்க் இல்லை. ராபின்ஸ்தான் வந்தார், எழுதினேன், தேறினேன். பிறகு நானும் கல்லூரி ஆசிரியனாகி, பற்பல ஊர்களில் அதே மூன்று இலக்கணங்களைச் சொல்லிக்கொடுத்துக் காலட்சேபம் செய்து ஓய்வு பெற்றேன். இடையில் பாடம் பல தாள்களாகவும், தாள் பல அலகுகளாகவும், ஆண்டு இரண்டு செமஸ்டர்களாகவும் நறுக்கப்பட்டது. கணிதம் பெருகிற்று. கணிதத்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை. மார்ஷலே கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் 1865-இல் இரண்டாவதாகத் தேறியவர், ஆனால் தம் பெருநூலில் கணிதத்தை அனுபந்தத்துக்கும் அடிக்குறிப்புக்கும் அனுப்பிவிட்டார். என் குறையெல்லாம் வேறு. இப்போதைய மாணவனுக்கு எண்கள் தயாராகக் கிடைக்கின்றன; அவற்றை யார், எந்த வாசலில் நின்று, யாரிடம் கேட்டு வாங்கினார்கள் என்பது அவனுக்குத் தெரியாது, தெரியவேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்வதுமில்லை. 'தெரியாது' என்ற விடை வந்த கட்டங்கள் எந்தத் திருத்தத்தில் நிரப்பப்பட்டன என்று கேட்கத் தெரியாதவன் எவ்வளவு உயர்ந்த பட்டம் பெற்றாலும், பாடத்துக்கு வெளியே நிற்பவன் என்றே நான் நினைக்கிறேன். இது கிழவனின் முரட்டு அபிப்பிராயம் என்று என் பழைய மாணவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

ஸ்லேட்டரின் ஊர்களை ஜனங்கள் விடவில்லை என்பதில் எனக்கு மிகுந்த திருப்தி. இருவேல்பட்டைச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குஹனும், ஜோன் மென்ச்சர் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞரும் மீண்டும் ஆராய்ந்து 1983-இல் எழுதினார்கள். அதற்கும் பின் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகிய மூவரும் அதே ஊரின் 1916 முதல் 2008 வரையிலான கதையை எழுதி 2010-இல் வெளியிட்டார்கள். பெருநிலக்காரர்களின் பிடி தளர்ந்ததையும், விவசாயம் ஒன்றே கதி என்ற நிலை மாறி ஜனங்கள் வெளி வேலைகளுக்குப் போகத் தலைப்பட்டதையும் அதில் படித்தபோது, முதல் படிவத்தை ஏந்திப் போன அந்த 1916-ஆம் ஆண்டு மாணவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் ஒழுங்காக எழுதி வைத்திராவிட்டால், பின்னால் வந்தவர்கள் எதை மறுப்பது, எதை ஒப்புக்கொள்வது? கங்கைகொண்டானில் இப்போது தொழிற்பேட்டை வந்துவிட்டது. அங்கும் யாராவது போகவேண்டும்.

எங்கள் ஊர் அந்த ஜாபிதாவில் இல்லாததால் அதைத் தேடி யாரும் வரவில்லை. என்னிடம் படித்து இப்போது ஒரு கல்லூரியில் போதிக்கிற ஒருவர் மட்டும், என் பழைய காகிதக் கட்டை வாங்கிப் போய், தம் மாணவர்களைக் கொண்டு எங்கள் ஊரை மறுபடி விசாரிக்க ஏற்பாடு செய்துவருகிறார். படிவத்தைப் புதுப்பிப்பதில் எங்களுக்குள் தகராறு. கைப்பேசி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம், மகளிர் குழுக் கடன், நூறு நாள் வேலை என்று அவர் சேர்த்திருக்கும் கட்டங்கள் எல்லாம் அவசியமானவையே; அவற்றில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உழவு மாடு எத்தனை ஜோடி என்ற பழைய கட்டத்தை மட்டும் எடுத்துவிடலாம், ஊரில் டிராக்டர் வந்த பிறகு ஒரு வீட்டிலும் ஏர் மாடு கிடையாது, எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே சார் என்கிறார். கட்டத்தை எடுக்கக் கூடாது, வீடு வீடாகப் போய்க் கேட்டு, அவர்கள் 'இல்லை' என்று சொன்ன பிறகு 'இல்லை' என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன். இன்னும் சம்மதம் வரவில்லை.